வீட்டுக்கு வராத மீன்

தூண்டிலின் எந்த முனையைக் கையில் பிடிக்க வேண்டும், எந்த முனையைத் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுவரைதான் மீன்பிடி பற்றிய என் அறிவு. இத்தனைக்கும் ரொறன்ரோவில் மூன்று நாட்கள் நான் கைதேர்ந்த மீன்பிடிகாரனாக நடமாடினேன். மட்டக்களப்பு வாவியில் சிறுவயது முதல் தோணியில் போய்ப் பழகியவன் என்று நானே என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். அந்த வாவியை நான் பார்த்தது பஸ் யன்னலால். அதுவும் அரைத் தூக்கத்தில். நான் மீன் சாப்பிடுவதும் இல்லை. சமயப் பற்று என்று யாரும் மெச்ச வேண்டாம், வயிற்றில் புண். ஐம்பத்துநான்கு வயதில் ஒரு மனிதன் இப்படியொரு பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்ற ஊசிக் குளிரில் ஒரு குளக்கரையில் நாள் முழுக்க நிற்பானா என்று கேட்டால், நின்றான். காரணம், அக்கா.

அக்கா வெள்ளவத்தையில் இருக்கிறார். அவருடைய ஒரே மகள் சுகந்திக்கு முப்பத்துமூன்று வயது. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு வாய் ஓய்ந்ததில்லை. வந்த சம்பந்தங்களில் பாதியைச் சாதகம் குழப்பியது. மீதியை நாட்டு நிலைமை குழப்பியது. கடைசியாக வந்தவர் ரொறன்ரோவில் இருக்கும் குகன். முப்பத்தொன்பது வயது. பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரண்டு தம்பிமாரையும் கனடாவுக்கு எடுப்பித்து, கல்யாணமும் செய்துவைத்து, ஒருவரை அஜக்ஸிலும் மற்றவரை ஸ்ரௌவ்வில்லிலும் குடியேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வீட்டில் தன்னைத் தவிர ஒருவரும் இல்லை என்று கண்டுகொண்டவர்.

எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளை விசாரிப்பது என்று ஒரு முறை உண்டு. அயலாரிடம் கேட்போம், கடைக்காரரிடம் கேட்போம், கூட வேலை செய்பவரின் மச்சானிடம் கேட்போம். மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்பதில்லை. அவர் பொய் சொல்லக்கூடும். அப்படி விசாரித்ததில் குகனுக்குக் குடி இல்லை, புகை இல்லை, சூது இல்லை என்று தெரியவந்தது. ஒரே ஒரு குறைதான். குளிர் தொடங்கும் மாதங்களில் சனி ஞாயிறு என்றால் ஆள் விடிய எழும்பிக் காரில் வடக்கே போய்விடுகிறார். இருட்டிய பிறகு திரும்புகிறார். கேட்டால் மீன் பிடிக்கப் போனேன் என்கிறார். நான்கு வருடமாக ஒரு மீனும் வீட்டுக்கு வந்ததில்லை.

"நாலு வருசமா மீன் பிடிக்கப் போறவர் ஒரு சூடை மீனாவது கொண்டுவந்திருக்க வேண்டாமோ?" என்றார் அக்கா. "உது மீன் இல்லை. உது வெள்ளைக்காரி."

"மீனாகவும் இருக்கலாம் அக்கா."

"மீனெண்டாலும் வெளியிலை சொல்லிப்போடாதை. பிறகு ஆக்கள் வேறை மாதிரி விசாரிப்பினம்."

அக்கா சொன்னதன் பொருள் எங்கள் ஊர்க்காரருக்கு விளங்கும். மீன் இல்லாமல் ஒரு கவளம் சோறும் இறங்காத சாதிமான்கள் நாங்கள். ஆனால் அதைப் பிடிக்கிறவர் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மாட்டோம். மீன் தானாகவே நடந்து எங்கள் குசினிக்கு வந்துசேர்வதாக நினைத்துக்கொள்வோம்.

அந்தச் சமயத்தில் ரொறன்ரோவில் ஒரு சங்கம் தன் ஆண்டுவிழாவில் பேச என்னை அழைத்திருந்தது. நகைச்சுவைப் பேச்சு. பேசினேன். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை விடாமல் சிரித்தது. மற்றவர்கள் பின்னால் கொத்துரொட்டி போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் என் உண்மையான பணி தொடங்கியது. வெள்ளைக்காரியா, மீனா என்று கண்டறிந்து அக்காவுக்கு எழுத வேண்டும். சுகந்தியின் கல்யாணம் என் கண்களை நம்பி நின்றது. என் கண்ணாடியின் இலக்கம் அக்காவுக்குத் தெரியாது.

நான் தங்கியது டோர்செட் பார்க்கில், பதினான்காம் மாடியில், நடேசன் வீட்டில். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது ராக்ஸி ஓட்டுகிறான். அவன் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் போவார். இருவரும் சேர்ந்திருந்ததை நான் சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தில்தான் பார்த்தேன். வாசல் கதவுக்கு எனக்கென்று ஒரு திறப்பு, குளிர்பெட்டிக்குள் மூடி போட்ட கிண்ணங்கள். திங்கள் பருப்பு, செவ்வாய் பருப்பு, புதன் பருப்பும் வாழைக்காயும்.

பகலில் வீடு முழுக்க எனக்குத்தான். யன்னலால் பார்த்தால் இதே மாதிரி இன்னும் ஆறேழு கட்டடங்கள். ஒவ்வொரு யன்னலிலும் என்னைப்போல் ஒருவர் நிற்பார் என்று எதிர்பார்த்தேன். யாரும் நிற்கவில்லை; எல்லாருக்கும் வேலை இருந்தது. மின்தூக்கியில் கீழே வருவதற்குள் ஆறு பேர் ஏறினார்கள். ஆறு பேரும் இலக்கங்களைப் பார்த்தபடி நின்றார்கள். அதில் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். வெள்ளவத்தையில் என்றால் அந்த நேரத்துக்குள் என் ஊர், உத்தியோகம், வயிற்றுப்புண், அதற்கு என்ன மருந்து என்பதெல்லாம் பேசி முடிந்திருக்கும்.

ஒருநாள் பஸ் ஏறினேன். எதிர்த்திசை பஸ் என்று தெரியவர நேரமானது. கட்டடங்கள் குறைந்து, வீடுகளும் குறைந்து, கடைசியில் நானும் சாரதியும் மட்டும் மிஞ்சினோம். அவர் திரும்பிப் பார்த்து, "ஐயா, இதுதான் கடைசித் தரிப்பு. இதற்கு அப்பால் போக உங்களுக்கு டிராக்டர் வேண்டும்" என்றார். பிறகு அதே பஸ்ஸில் அதே இருக்கையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். வழியில் தன் மகளின் பல்லுக்குக் கம்பி கட்டியதைப் பற்றிச் சொன்னார். அந்த வாரம் என்னோடு அதிகம் பேசியவர் அவர்தான். இறங்கும்போது கொஞ்சம் கவலையாகவே இருந்தது.

குகன் அதே கட்டடத்தில் பத்தாம் மாடியில் இருந்தார். அவரைச் சந்திக்க நடேசன் ஒரு வழி சொன்னான்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் கீழை உடுப்புத் தோய்க்க வருவார் மச்சான். நீயும் ஒரு கூடையோடை போய் நில்."

கட்டடத்தின் அடியில் சலவை இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் அறை அது. நான் போனபோது ஒரே ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், முன்தலையில் முடி குறைவு. சுழலும் உடுப்புகளைத் தொலைக்காட்சி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து இயந்திரத்தில் என் உடுப்புகளைப் போட்டேன். எந்த ஓட்டையில் காசு போடுவது என்று தெரியாமல் நின்றபோது அவரே எழுந்துவந்து போட்டுவிட்டார்.

"தம்பி, இந்தப் பக்கம் மீன் கீன் பிடிக்க இடம் இருக்கோ?" என்று கேட்டேன். இதைவிட நாசூக்காகக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது.

அவர் என் உடுப்புகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் பிடிப்பியளோ அண்ணை?"

அப்போதுதான் மட்டக்களப்பு வாவி வாயில் வந்தது. தோணி வந்தது. ஒரு புயல்கூட வந்தது. அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"நாளைக்கு விடிய அஞ்சு மணிக்குக் கீழை நில்லுங்கோ," என்றார். "நடேசன் அண்ணையின்ரை பெரிய ஜக்கெற்றை வாங்கிப் போடுங்கோ. உந்தச் சுவெற்றர் காணாது."

முதல் நாள் சனிக்கிழமை. அவருடைய காரில் ஹீட்டர் வேலை செய்யாது. நகரம் முடிந்து, ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டும் வீடுகளும் முடிந்து, வெட்டிய சோள வயல்களுக்கு நடுவே ஒரு மண் பாதையில் திரும்பினோம். பாதை முடிவில் குளம். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மரத்துறை. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்தார். குளம் அவருடையது. குகனுக்குத் தலையசைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "இவர் யார்?" என்று கேட்டார். "அனுபவசாலி," என்றார் குகன் முகம் மாறாமல். வெள்ளைக்காரி இருந்தால் எங்கே இருப்பாள் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். கிழவர், நாய், ஒரு மரக்கொட்டில். நாய்கூட ஆண்.

குகன் அங்கே தேடியது ஒரே ஒரு வகை மீனை. மஸ்கி என்று ஒரு பெரிய வேட்டை மீனும் பைக் என்று இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டையும் கலந்து பண்ணையில் பிறப்பித்தது டைகர் மஸ்கி. உடம்பில் புலிக்கோடு. பல வருடங்களுக்கு முன் கிழவர் அதைக் குஞ்சுகளாக லொறியில் கொண்டுவந்து இந்தக் குளத்தில் விட்டிருக்கிறார். கலப்பு என்பதால் அதற்கு இனம் பெருகாது. கொண்டுவந்து விட்டது எவ்வளவோ அவ்வளவுதான். ஆகவே கிழவரின் சட்டம்: பிடித்தால் உயிரோடு திருப்பி விட வேண்டும். ஒன்றைக் கொன்றவர் மறுபடி அந்தப் பாதையில் திரும்பக் கூடாது.

யாரோ கொண்டுவந்து விட்ட குளிர்த் தண்ணீரில், வம்சம் பெருகாமல், தனியாகத் திரியும் மீன். இதில் ஓர் உவமை இருக்கிறது என்று என் எழுத்துப் புத்தி உடனே எழும்பி நின்றது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் அதை இருக்கச் சொல்லிவிட்டேன்.

"அப்ப ஒரு மீனையும் வீட்டை கொண்டுபோறதில்லையோ?" என்று கேட்டேன்.

"பிடிச்சால்தானே கொண்டுபோறதைப் பற்றி யோசிக்கவேணும்," என்றார். "நாலு வருசத்திலை ரெண்டுதான் பிடிச்சனான். ரெண்டும் சின்னன்."

எறிவது, சுற்றி இழுப்பது, மறுபடி எறிவது. இதுதான் தொழில். இரை என்பது கை நீளத்துக்கு வர்ணம் பூசிய மரத்துண்டு, வயிற்றில் கொக்கிகள். தூண்டில் நரம்பை மீனின் பல் அறுத்துவிடும் என்பதால் முன்னால் ஒரு சாண் கம்பி. இவையெல்லாம் மட்டக்களப்பில் எப்படி என்று அவர் கேட்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. என் முதல் எறிவு பின்னால் இருந்த மரத்தில் மாட்டியது. இரண்டாவது எறிவில் நடேசனின் ஜக்கெற் மாட்டியது. "காத்து," என்றேன். "ஓம், காத்து," என்றார். இலை ஒன்றும் அசையவில்லை.

மத்தியானம் அவர் ஒரு பையை நீட்டினார். உள்ளே மீன்கறி அடைத்துச் சுட்ட பணிஸ். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அனுபவம் மிக்க மீன்பிடிகாரன் ஒருவன் அதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பணிஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றினார். அன்று நாங்கள் பேசியது அவ்வளவுதான். இருட்டும்வரை தண்ணீரைப் பார்த்தோம். தண்ணீரும் எங்களைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் அவர் நீட்டியது பிட்டும் உறைப்பில்லாத கத்தரிக்காய்க் கறியும். விடிய மூன்று மணிக்கு எழும்பி அவித்திருக்கிறார். ஒரு சாப்பாட்டுப் போத்தலுக்குள் இன்னும் சூடாக இருந்தது. என் மனைவி போய் ஆறு வருடம். அதற்குப் பிறகு என் வயிற்றை நினைத்து யாரும் சமைத்ததில்லை. போத்தலை வழித்துச் சாப்பிட்டேன். பிட்டு நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

அன்று மாலை புறப்பட்டபோது கார் கிளம்பவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. கிழவர் நாயோடு எங்கோ போயிருந்தார்; அவர் வந்தால்தான் வயர் கொடுத்துக் கிளப்பலாம். இருவரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். மூச்சுப் பட்டுக் கண்ணாடிகள் மங்கி, குளம் மறைந்தது.

"நீங்கள் சுகந்தியின்ரை மாமாதானே?" என்றார் குகன்.

நான் இருமினேன். இருமல் பொய்யாக இருந்தாலும் குளிரில் நன்றாக வந்தது.

"எப்ப தெரியும்?"

"அந்த வெள்ளிக்கிழமையே தெரியும் அண்ணை. சுகந்தியின்ரை மாமா நடேசன் அண்ணை வீட்டிலை நிக்கிறார் எண்டு கேள்விப்பட்டனான். நீங்கள் மினுக்கி மடிச்ச சேட்டுகளையெல்லே கொண்டுவந்து தோய்ச்சனீங்கள்."

உண்மைதான். அழுக்கு உடுப்பு எதுவும் கைவசம் இல்லாததால் பெட்டியில் இருந்ததை அப்படியே கூடையில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"தெரிஞ்சுகொண்டே ஏன் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

"நாலு வருசமா ஆக்கள் என்னைப் பற்றி ஆரையெல்லாமோ கேக்கினம். நானும் கூட வரட்டோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள்தான் கேட்டனீங்கள்."

"பிடிச்சதை விட்டிட்டு வாறன் எண்டு அவையளுக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். சிரிச்சினம். ஒண்டில் பைத்தியம் எண்டு நினைப்பினம், இல்லாட்டி பொம்பிளை எண்டு நினைப்பினம். பொம்பிளை எண்டே நினைக்கட்டும். கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

கிழவரைக் காணவில்லை. காருக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. குகன் ஸ்ரியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்டு கேக்கட்டோ அண்ணை?"

எவ்வளவு படித்திருக்கிறாள், சமைப்பாளா, படத்தில் இருப்பதுதான் உண்மையான நிறமா, இவற்றில் ஒன்று வரும் என்று ஆயத்தமானேன்.

"அவ கதைப்பாவோ?"

"என்ன?"

"இல்லை, வீட்டிலை கதைக்கிற ஆளோ? சும்மா... எதையாவது."

"தம்பி, அவள் வாய் திறந்தால் பக்கத்து வீட்டு ரேடியோவை நிப்பாட்டுவினம்," என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "நல்லது," என்றார். "எனக்கு வீட்டிலை ஃபிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும். அது நிண்டால் நான் எழும்பிப் போய்த் தட்டிப் பாக்கிறனான்."

கொழும்பில் என் அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. கிழவரின் விளக்கு பாதையில் தெரிந்தது.

இடைப்பட்ட வாரத்தில் அக்கா தொலைபேசி எடுத்தார். வெள்ளைக்காரி இல்லை என்றேன். "நீ கண்டனியோ?" என்றார். இல்லாததை எப்படிக் காண்பது என்று கேட்டேன். "மீனைக் கண்டனியோ?" என்றார். அதையும் இன்னும் காணவில்லை என்றேன். ஒரு நீண்ட மௌனம். சர்வதேச அழைப்பில் அக்கா செலவழித்த மிக நீண்ட மௌனம் அது. "அப்ப ரெண்டையும் காணேல்லை. இன்னொரு கிழமை பாக்கிறன் தம்பி. அதுக்குள்ளை மீனைக் காட்டாட்டி, இப்ப புதுசா வந்திருக்கிற லண்டன் பெடியனுக்கு ஓமெண்டு சொல்லப்போறன். சுகந்தியும் எத்தினை நாளைக்குத்தான் காத்திருக்கிறது?"

ஆகவே மூன்றாம் நாள், அடுத்த சனிக்கிழமை, நான் கமெராவோடு போனேன். குகனிடம் லண்டன் பெடியனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் நான் கமெராவைக் கழுத்தில் மாட்டியதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்று அவர் தேநீருக்குக்கூட நிற்காமல் எறிந்துகொண்டேயிருந்தார்.

மஸ்கி பிடிப்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மீன் இரைக்குப் பின்னாலேயே கரைவரை வரும். ஆனால் வாய் வைக்காது. ஆகவே ஒவ்வொரு தடவையும் இழுத்து முடித்ததும் இரையை உடனே வெளியே தூக்கக் கூடாது. தடியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு என்ற இலக்கத்தை அகலமாகப் போட வேண்டும்; அப்போது சிலசமயம் கவ்வும். குகன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் ஒவ்வொரு முறையும் போட்டார். நான் மத்தியானத்தோடு எறிவதை விட்டுவிட்டேன், தோள் நொந்தது. துறையின் நுனியில் நின்று தடியை நீருக்குள் விட்டுக் கூழ் கிண்டுவதுபோல் கிண்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மீனைக் காணவில்லை, ஆனால் பிட்டு சாப்பிட்டேன் என்று எழுதினால் எடுபடுமா?

அந்த நேரம் தண்ணீருக்கு அடியில் ஒரு நீளமான நிழல் மெதுவாகத் திரும்பியது. அது என் இரையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது என்றே இன்றுவரை நம்புகிறேன். அடுத்த கணம் தடி வளைந்து என் கை துறைக்கு வெளியே போனது. கையோடு நானும் போயிருப்பேன், குகன் என் ஜக்கெற்றின் பின்பக்கத்தைப் பிடித்தார்.

"விடாதேங்கோ. இழுக்கவும் வேண்டாம். சும்மா நில்லுங்கோ."

சும்மா நிற்பது எனக்குக் கைவந்த கலை. நின்றேன். மீன் இரண்டு முறை துறைக்கு அடியில் பாய்ந்தது. குகன் வயிற்றில் படுத்து வலையை விட்டு அள்ளினார். உள்ளே கிடந்தது என் காலின் நீளம் இருக்கும். வெளிறிய மேனியில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள். வாயைத் திறந்தது, பற்களைப் பார்த்து மூன்றடி பின்வாங்கினேன். நான்கு வருடம் இவர் தேடிய மீன், கூழ் கிண்டிய எனக்கு விழுந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"மட்டக்களப்பு வாவியெண்டால் சும்மாவே அண்ணை," என்றார் குகன். நெடிய குறட்டால் கொக்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"படம்," என்றேன். "அக்காவுக்கு..."

"ஒண்டுதான். அதுக்கு மூச்சு முட்டும்."

அவர் கையுறைகளைக் கழற்றிப் பலகையில் எறிந்துவிட்டு, கைகளைத் தண்ணீரில் நனைத்து, முழந்தாளில் நின்று மீனை ஒரு கணம் தூக்கினார். என் விரல்கள் விறைத்திருந்தன. எதையோ அழுத்தினேன். கிளிக் என்றது. அதற்குள் மீன் தண்ணீரில் இருந்தது.

ஆனால் அது போகவில்லை. பக்கவாட்டில் சரிந்தது. குகன் மறுபடி குப்புறப் படுத்து, ஒரு கையால் வாலடியையும் மறுகையால் வயிற்றையும் தாங்கி, நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார். செவுள் திறந்து மூடியது. கரையோரம் மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்தது. அவருடைய கைகள் முழங்கைவரை தண்ணீருக்குள்.

"விடும் தம்பி. உம்மடை கை போயிடும்."

"இன்னும் நிமிரேல்லை அண்ணை."

கைகள் சிவந்தன, பிறகு வெளுத்தன. அவர் அதோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குனிந்து கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த வழியால் வந்தோம், காரில் ஹீட்டர் இல்லை, இந்தமுறை கெதியாகப் பனி வரும்போல, இப்படி. யாரும் கேட்காத கதைகள். நான் அறிந்தவரை அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன். ஒருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

வால் ஒருமுறை அடித்தது. தண்ணீர் அவர் முகத்தில் பட்டது. மீன் போய்விட்டது.

திரும்பும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் நிறுத்தினோம். அவரால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மேசையில் வைத்துக் குனிந்து குடித்தார். வரிசையில் நின்ற ஒருத்தி தன் தோழியிடம், "அந்த ஆளுக்கு வேலை பறிபோய்விட்டதுபோல" என்று இரக்கத்தோடு சொன்னாள். குகனுக்கும் கேட்டது. "பறிபோகேல்லை," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "திங்கள் இரவு வேலை."

படம் கழுவி வந்தது. மீன் முழுமையாக இருந்தது. ஒவ்வொரு கோடும் எண்ணலாம். அதைத் தாங்கிய இரண்டு கைகள் இருந்தன. ஜக்கெற்றின் பித்தான்கள் இருந்தன. அதற்கு மேல் படம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் நாடிக்கு மேலே ஒன்றும் இல்லை. உலகத்தில் இருந்த ஒரே சாட்சியத்தின் தலையை நான் வெட்டியிருந்தேன்.

அதை ஈடுகட்ட எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன். பொறுமை, கருணை, தனிமை, எல்லாவற்றையும் எழுதினேன். முன்பு இருக்கச் சொன்ன உவமையையும் எழுப்பிக் கொண்டுவந்தேன். நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று இன்றும் கருதுகிறேன். கொழும்பு போகும் ஒருவரிடம் கடிதத்தையும் படத்தையும் கொடுத்தனுப்பிவிட்டு, நான் லண்டனில் இருந்த தம்பியிடம் புறப்பட்டேன். விமான நிலையத்துக்குக் குகன்தான் கொண்டுவந்து விட்டார். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "போட்டு வாங்கோ மாமா," என்றார். அதுவரை அண்ணையாக இருந்தவன் நான். சொன்னபிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. காருக்குள் ஏறி, கிளம்பாத காரைத் திரும்பத் திரும்பக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

லண்டனுக்கு அக்காவின் அழைப்பு வந்தது. "மீன் இருக்கு. மாப்பிள்ளையின்ரை தலை எங்கை? ஆரின்ரையோ கையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய்?" அதோடு வைத்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவு தம்பி வீட்டுச் சாப்பாட்டில் வயிற்றுப்புண்ணும் சேர்ந்துகொண்டது.

ஆனால் சித்திரையில் கல்யாணம் நடந்தது. குகனுக்கும் சுகந்திக்கும்தான். யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, காரணம் என் கடிதம் என்று எனக்குத் தெரியும். அடுத்த குளிர்காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகந்தி ரொறன்ரோவிலிருந்து பேசினாள். குளத்துக்குப் போய்விட்டு வந்தார்களாம். மீன் இல்லையாம். கிழவர் அவளோடு பேசிப் பேசி நாயைக் கட்ட மறந்துவிட்டாராம். அவள் பேசிக்கொண்டே போனாள். என் அறையில் கடிகாரச் சத்தம் கேட்கவில்லை. மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில், எழுத்தாளனுக்குரிய அடக்கத்தோடு, கடிதத்தின் எந்தப் பகுதி அவள் மனதை மாற்றியது என்று கேட்டேன்.

"எந்தக் கடிதம்?" என்றாள். "நான் படத்தைத்தான் பாத்தனான் மாமா. அந்தக் குளிருக்குள்ளை கையுறை ரெண்டும் கழட்டிக் கீழை கிடந்தது. ஏன் கழட்டினவர் எண்டு விளங்கேல்லை. நம்பரைத் தேடி எடுத்து அவரிட்டையே கேட்டன். கையுறை பட்டால் மீனின்ரை தோல் உரிஞ்சிடுமாம். அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் கதைச்சனாங்கள்."

கையுறையை நான் எட்டுப் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"அம்மா உனக்குக் கடிதத்தைக் காட்டேல்லையோ?"

"ஓ, உந்தக் கடிதமோ. அம்மா முழுக்க இருந்து வாசிச்சவ மாமா. வாசிச்சுப்போட்டு மடிச்சு வைச்சிட்டு, 'ஆள் நல்லவராம், அங்கை குளிராம்' எண்டு சொன்னவ."